அச்சு இருந்தும் கையால எழுதினவங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, 18ம் நூற்றாண்டு இங்கிலாந்துல படிச்ச குடும்பங்கள்ல ஆளுக்கொரு நோட்டு போட்டு பிடிச்ச கவிதைய எல்லாம் கையால எழுதி வச்சுக்குவாங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடுதாசிங்க, மெயில்ங்க எல்லாம் சேர்ந்து இந்த வாரப் பக்கத்தையே பிடிச்சுக்கிச்சு, மத்த கேள்விக்காரங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): சார், அங்க அச்சு வந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. புஸ்தகக் கடை இருக்கு, பத்திரிகை இருக்கு. அப்புறம் எதுக்கு ராத்திரி மெழுகுவத்தி வச்சுக்கிட்டு கையால காப்பி எடுக்கணும்? வேலை இல்லாதவங்க பொழுதுபோக்கா?

பதில்: பொழுதுபோக்கும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா முதல் காரணம் காசு. புஸ்தகம் விலை ஜாஸ்தி, அதனால இரவல் வாங்கிப் படிச்சாங்க, இரவல்னா திருப்பிக் குடுக்கணும், குடுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சத எழுதி வச்சுக்கணும். எட்வர்ட் கேவ் 1731ல ஆரம்பிச்ச ஜென்டில்மேன்ஸ் மேகஸின்ல மாசா மாசம் கவிதைப் பக்கம் வரும், அது வீடு வீடா சுத்தும். ராபர்ட் டாட்ஸ்லி 1748ல ஒரு பெரிய கவிதைத் தொகுப்பு போட்டாரு, முழுசா வாங்க முடியாதவங்க அதுல இருந்து நாலஞ்சு பாட்டை உருவி நோட்டுல ஏத்திக்கிட்டாங்க.

ஆனா காசு மட்டும்னா பணக்காரங்க ஏன் எழுதணும்? ஆன் ஃபின்ச்னு ஒரு கவிஞர், பின்னாடி வின்செல்ஸீ கவுன்டஸ் ஆனவங்க. 1688ல ராஜா இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போனப்ப புது ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நின்னதுல அரண்மனை உத்தியோகம் எல்லாம் போயிடுச்சு. கெண்ட்ல ஈஸ்ட்வெல்னு ஒரு கிராமத்துப் பக்கம் ஒதுங்கிட்டாங்க. அங்க உக்காந்து அந்தம்மா கவிதை எழுத, வீட்டுக்காரர் ஹெனேஜ் அதை நல்ல கையெழுத்துல தடி நோட்டுல பிரதி எடுத்துக் குடுத்தாரு (கவிதை எழுதற பொண்டாட்டிக்கு குமாஸ்தா வேலை பாத்த பிரபு, எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்). 1713ல ஒரு புஸ்தகம் அச்சுல வந்துச்சு, அதுலயும் முதல்ல பேர் போடல, 'ஒரு சீமாட்டி எழுதியது'ன்னுதான் போட்டாங்க. அதுல சேராத அம்பதுக்கு மேல கவிதைங்க இன்னொரு கையெழுத்துப் பிரதில கிடந்து இப்ப அமெரிக்காவுல வெல்லஸ்லி காலேஜ்ல இருக்கு. பழைய ராஜா பக்கம் சாஞ்சவங்க எழுதினதை எல்லாம் அச்சுல குடுத்துட முடியுமா என்ன?

பயம் சும்மா இல்லீங்க. 1719ல ஜான் மேத்யூஸ்னு ஒரு பையன், இருபது வயசு கூட ஆகல, ஓடிப்போன ராஜ வம்சத்துக்கு ஆதரவா ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடிச்சான்னு ராஜத்துரோகக் கேஸ் போட்டு லண்டன்ல தூக்கு போடற இடமான டைபர்ன்ல தூக்குல போட்டுட்டாங்க. இந்த மாதிரி காலத்துல மந்திரிய நக்கல் பண்ணி ஒரு பாட்டு கைக்குக் கிடைச்சா மூடிட்டு நோட்டுல எழுதி, நம்பகமான ஆளுக்கு மட்டும் காட்டறதுதான் புத்தி.

அதோட இன்னொண்ணு, இதத்தான் நான் அழுத்திச் சொல்லணும்னு நினைக்கறேன். அச்சுல வந்தாத்தான் வெளியானதுன்னு நாம நினைக்கறோம். அவங்களுக்கு அப்படி இல்ல. பத்து நண்பர்கள் கையில சுத்தி, பத்து நோட்டுல ஏறிட்டா அது வெளியான கவிதைதான், வாசகர்கள் இருக்காங்க, பாராட்டு வருது, பதில் கவிதை வருது, சண்டை கூட வருது. கடையில காசுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய மனுஷங்க பலருக்கு அந்த வித்தியாசம்தான் வேணும், கவிதைக்குக் காசு வாங்கறது கௌரவக் குறைச்சல்னு நினைச்ச கூட்டம் அது.

கேள்வி (கோவில்பட்டி வாசகி): எங்கம்மா சின்ன வயசுல சினிமாப் பாட்டை எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, நடுவுல பால் கணக்கும் இருக்கும். அதே மாதிரியா சார் இதுவும்?

பதில்: அச்சு அசலா அதே மாதிரிதாங்க, பால் கணக்கு உட்பட. ஸ்டேஷனர் கடையில தோல் அட்டை போட்ட வெத்து நோட்டு வாங்கி முதல் பக்கத்துல பேரும் வருஷமும் எழுதி அழகா ஆரம்பிப்பாங்க, அன்னைக்குப் பிரபலமா இருந்த கவிஞர்கள் போப், ஸ்விஃப்ட் எழுதினதுல ஆளுக்கு ஒண்ணு, பாட்டி செத்ததுக்கு மாமா எழுதின இரங்கல், பக்கத்து ஊர் பாதிரியார் எழுதின விடுகதை, அப்புறம் யாரோ ஒருத்தியோட விசிறியப் பத்தி எட்டு வரி. பாதி நோட்டுல ஆர்வம் போயிடும், அப்புறம் அதே நோட்டைத் தலைகீழாத் திருப்பி கடைசிப் பக்கத்துல இருந்து சமையல் குறிப்பு, இருமலுக்கு மருந்து, வீட்டுக் கணக்கு. ரெண்டு பக்கத்துல இருந்தும் எழுதிட்டு வந்து நடுவுல முட்டிக்கிற நோட்டுங்க நூலகங்கள்ல நிறைய இருக்கு. அம்மா நோட்டைப் பத்திரமா வைங்க.

பெயர் விஷயத்துலதான் பெரிய கூத்து. கிடைச்ச கவிதைய எழுதுவாங்க, யார் எழுதினதுன்னு கேள்விப்பட்டதைப் போடுவாங்க, அது தப்பா இருக்கும். ஒரே பாட்டுக்கு ஒரு நோட்டுல ஒரு பேரு, இன்னொரு நோட்டுல இன்னொரு பேரு. திட்டு வாங்கறவங்க பேர்ல முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் போட்டு நடுவுல கோடு இழுத்துடுவாங்க, அது யாருன்னு அன்னைக்கு எல்லாருக்கும் தெரியும், இன்னைக்கு ஆராய்ச்சிக்காரங்க மண்டைய உடைச்சுக்கறாங்க.

கேள்வி (சேலம் வாசகர்): இவ்வளவு கலந்து கட்டி எழுதினா வேணுங்கறத எப்படித் தேடி எடுப்பாங்க?

பதில்: பெரும்பாலும் தேட மாட்டாங்க, புரட்டுவாங்க. ஆனா முறையா வச்சுக்கணும்னு ஆசைப்பட்டவங்களுக்கு ஒரு வழி இருந்துச்சு, அதச் சொன்னது யாருன்னா தத்துவ ஞானி ஜான் லாக். 1686ல பிரெஞ்சுல வெளியிட்டாரு, அவர் செத்ததுக்கு அப்புறம் 1706ல இங்கிலீஷ்ல வந்துச்சு. விஷயம் இதுதான்: நோட்டோட முதல் ரெண்டு பக்கத்துல ஒரு கட்டம் போடணும். ஒவ்வொரு எழுத்துக்கும் அஞ்சு அறை, ஏ ஈ ஐ ஓ யூன்னு உயிரெழுத்து வாரியா. இப்ப காதலப் பத்தி ஒரு கவிதை எழுதணும், தலைப்பு 'லவ்'. முதல் எழுத்து எல், அதுக்கப்புறம் வர்ற முதல் உயிர் ஓ. நோட்டுல எந்த ரெட்டைப் பக்கம் காலியா இருக்கோ அதுல எழுதிட்டு, கட்டத்துல எல்-ஓ அறையில அந்தப் பக்க நம்பரைக் குறிச்சிடணும். மரணத்துக்கு 'டெத்', அது டி-ஈ அறை. இதுல என்ன சௌகரியம்னா எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம் ஒதுக்கணும்னு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டாம், வர வர எழுதிட்டே போகலாம், இடமும் வீணாகாது. இம்சை என்னன்னா லவ்வும் லண்டனும் லார்டும் ஒரே அறைக்குள்ள வந்து உக்காந்துக்கும்.

1770ல ஜான் பெல்னு ஒரு புஸ்தக வியாபாரி, லாக் சொன்ன கட்டத்தை முன்னாடியே அச்சடிச்சு உள்ள வெத்துப் பக்கமா வச்சு ரெடிமேட் நோட்டாவே வித்தாரு. அச்சுக்காரன் கையெழுத்துக்காரனுக்கு சரக்கு வித்து சம்பாதிச்சிருக்கான், அச்சு வந்ததும் கையெழுத்து செத்துப்போச்சுன்னு பாடப்புத்தகத்துல எழுதறவங்க இதையும் கொஞ்சம் பாக்கணும்.

கேள்வி (மதுரை வாசகர்): நண்பர்களுக்குள்ள மட்டும்னு சொல்றீங்க. ஒருத்தன் வெளிய விட்டா?

பதில்: விட்டாங்களே! ரெண்டு கதை சொல்றேன்.

லேடி மேரி வொர்ட்லி மான்டேகு, பெரிய இடத்துப் பொண்ணு, பயங்கர புத்திசாலி, பின்னாடி துருக்கியில இருந்து அம்மை குத்தற பழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தவங்க. அரண்மனை ஆளுங்களக் கிண்டல் பண்ணி கவிதைங்க எழுதி நண்பர்களுக்குள்ள சுத்த விட்டிருந்தாங்க. 1716ல எட்மண்ட் கர்ல்ங்கற புஸ்தக வியாபாரி, மத்தவங்க எழுத்தைத் திருடிப் போடறதையே தொழிலா வச்சிருந்த ஆளு, அதுல மூணு எப்படியோ கையில மாட்ட 'அரண்மனைக் கவிதைகள்'ங்கற தலைப்புல அச்சடிச்சுட்டான், இதை எழுதினது போப்பா இருக்கலாம், ஒரு சீமாட்டியா இருக்கலாம்னு முன்னுரைல வேற கொளுத்திப் போட்டான். அலெக்ஸாண்டர் போப் என்ன பண்ணாரு தெரியுமா, ஃப்ளீட் தெருவுல ஒரு மதுக்கடையில கர்ல்ல கூப்பிட்டு உக்கார வச்சு, அவன் குடிச்ச சரக்குல வாந்தி மருந்தைக் கலந்து குடுத்துட்டாரு. அதோட விட்டாரா, கர்ல் வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்த கதைய ஒரு துண்டுப் பிரசுரமாவே எழுதி வெளியிட்டாரு. இங்கிலீஷ் இலக்கியத்தோட பெரிய கவிஞர் பண்ண வேலை இது. அதே போப்தான் லேடி மேரியோட இந்தக் கவிதைகளை முத்து முத்தான கையெழுத்துல ஒரு பிரதி எழுதி அவங்களுக்கே குடுத்தவரும். பின்னாடி ரெண்டு பேரும் ஜென்ம விரோதி ஆனாங்க, அது தனிக் கதை.

இன்னொண்ணு தாமஸ் கிரே. கல்லறைத் தோட்டத்துல உக்காந்து எழுதின இரங்கற்பா, இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவங்க யாருக்கும் தெரியாம இருக்காது. 1750 ஜூன்ல அதை முடிச்சு நண்பர் ஹொரேஸ் வால்போலுக்கு அனுப்பினாரு. வால்போல் வாய் சும்மா இருக்குமா, எல்லாருக்கும் காட்டினாரு, ஆளாளுக்கு காப்பி எடுத்துட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு 1751 பிப்ரவரி 10ம் தேதி கிரேக்கு ஒரு கடிதம், மேகஸின் ஆஃப் மேகஸின்ஸ்ங்கற பத்திரிகைக்காரங்க கிட்ட இருந்து, உங்க கவிதை எங்க கைக்கு வந்துருச்சு, போடப் போறோம், நீங்க தயவு பண்ணணும்னு. மனுஷன் பதறிட்டாரு. மறுநாளே வால்போலுக்கு எழுதறாரு, உடனே டாட்ஸ்லி கிட்ட சொல்லி அவங்களுக்கு முன்னாடி அச்சடிக்கச் சொல்லு, என் பேரு வேண்டாம், தற்செயலா கைக்கு வந்ததுன்னு பதிப்பாளர் ரெண்டு வரி போட்டுட்டா இன்னும் நல்லதுன்னு. 15ம் தேதி ஆறு பென்ஸ் விலையில புஸ்தகம் வந்துருச்சு, பத்திரிகை மறுநாள்தான் வந்துச்சு. காசும் வாங்கிக்கல. உலகப் புகழ் பெற்ற ஒரு கவிதை, எழுதினவர் விருப்பத்துல அச்சுக்கு வரல, நண்பர்களோட நோட்டுங்க ஒழுகினதால வந்துச்சு. அவர் கையால எழுதின பிரதி மூணு இன்னைக்கும் இருக்கு, ஈட்டன் பள்ளிக்கூடத்துல ஒண்ணு, கேம்பிரிட்ஜ் பெம்ப்ரோக் காலேஜ்ல அவரோட சொந்தத் தொகுப்பு நோட்டுக்குள்ள ஒண்ணு, பிரிட்டிஷ் லைப்ரரில ஒண்ணு. ஈட்டன் பிரதில பின்னாடி அவரே கழிச்சுக் கட்டின நாலு பத்தி இருக்கு, என்னைக் கேட்டா அதுவும் நல்லாத்தான் இருக்கு.

கேள்வி (ஈரோடு வாசகர்): இப்படி மத்தவங்க கவிதைய எழுதி வச்சுக்கறது காப்பிரைட் மீறல் ஆகாதா?

பதில்: 1710ல வந்த சட்டம் அச்சடிக்கற உரிமையப் பத்தினது, 14 வருஷம், ஆசிரியர் உயிரோட இருந்தா இன்னொரு 14. பேனா பிடிச்சு சொந்த நோட்டுல எழுதறவங்களத் தேடி யாரும் வரல.

கேள்வி (திருச்சி, இங்கிலீஷ் எம்.ஏ. மாணவி): இந்த நோட்டுகளால இலக்கிய வரலாறு ஏதாவது மாறியிருக்கா, இல்ல வெறும் பழம்பொருள் சுவாரஸ்யம்தானா?

பதில்: நல்ல கேள்விம்மா. மாறியிருக்கு, முக்கியமா பெண்கள் விஷயத்துல, அதுக்கு நான் உங்கள இங்கிலாந்துல இருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

அங்க குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துல மில்கா மார்த்தா மூர்னு ஒருத்தங்க (1740–1829). அமெரிக்கா சுதந்திரத்துக்குக் கொந்தளிச்சுட்டு இருந்த காலத்துல தன்னைச் சுத்தி இருந்த தோழிகள் எழுதின கவிதைங்களை ஒரு நோட்டுல எழுதி வச்சாங்க. அதுல முக்கியமா மூணு பேர்: சுசன்னா ரைட், ஹன்னா கிரிஃபிட்ஸ், எலிசபெத் கிரேம் ஃபெர்குசன். மூர் 1787ல ஒரு தொகுப்பை அச்சுலயும் போட்டாங்க, ஆனா அது பள்ளிக்கூடத்துல வைக்கற மாதிரி நீதி போதனைத் தொகுப்பு, தோழிகளோட நிஜமான குரல் கேக்கறது நோட்டுலதான். அந்த நோட்டு புஸ்தகமா அச்சுல வந்தது எப்பன்னா 1997ல!

கிரிஃபிட்ஸ் 1768ல ஒரு கவிதை எழுதறாங்க, பிரிட்டன் வரி போட்ட டீயையும் மத்த சரக்கையும் நாம வாங்கக் கூடாதுன்னு. அதுல ஆம்பளைங்களுக்கு விழற அடிய நீங்க படிக்கணும், ஆண்பிள்ளைங்க பயந்து ஒதுங்கினா பொண்ணுங்க எழுந்திருக்கட்டும், நமக்கு ஓட்டு இல்ல, ஆனா வாங்க மாட்டோம்னு சொல்ற உரிமை நம்ம கிட்ட இருக்குங்கற தொனியில. அரசாங்கத்துல குரல் இல்லாதவங்க கையில கடை பாஸ்கெட்டு ஒரு ஆயுதம்னு அன்னைக்கே புரிஞ்சிருக்கு. அதே அம்மா பின்னாடி புரட்சிக்காரங்களோட அட்டகாசம் எல்லை மீறினப்ப அவங்களையும் திட்டி எழுதினாங்க, யாருக்கும் தலையாட்டற ஆள் இல்ல.

சுசன்னா ரைட் இவங்க எல்லாரையும் விட மூத்தவங்க, 1697ல பிறந்து 1784 வரைக்கும் இருந்தாங்க, கல்யாணம் பண்ணிக்கல, சஸ்குவஹானா ஆத்தங்கரையில குடியிருந்து பட்டுப்பூச்சி வளர்த்தாங்க, பெஞ்சமின் ஃபிராங்க்ளினோட கடிதத் தொடர்பு. ஒரு தோழிக்கு எழுதின கவிதையில, பொண்ணை ஆம்பளை ஆளணும்ங்கறதுக்கு எந்த நியாயமும் கிடையாதுன்னு வாதாடறாங்க. அவங்க கவிதைகள்ல பெரும் பகுதி நமக்குக் கிடைச்சதே மூர் எழுதி வச்சதாலதான்.

அந்தப் பக்கம் நியூ ஜெர்ஸில ஆனிஸ் பவுடினாட் ஸ்டாக்டன். சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட ரிச்சர்ட் ஸ்டாக்டனோட மனைவி, ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கவிதை அனுப்பி அவர்கிட்ட இருந்து பதில் வாங்கினவங்க. பத்திரிகைகள்ல சிலது வந்திருந்ததால சின்னக் கவிஞர்னு ஒரு ஓரத்துல வச்சிருந்தாங்க. 1980கள்ல அவங்க கையெழுத்து நோட்டு ஒண்ணு நியூ ஜெர்ஸி வரலாற்றுச் சங்கத்துக்கு வந்து சேர்ந்துச்சு, அவ்வளவுதான், தெரிஞ்ச கவிதைகளோட எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போச்சு. 18ம் நூற்றாண்டுப் பொண்ணுங்க குறைவாத்தான் எழுதினாங்கன்னு சொன்ன பேராசிரியர்கள் அச்சுப் புஸ்தகத்தை மட்டும் எண்ணிட்டு சொன்னாங்க, எண்ண வேண்டிய இடம் வேற. உங்க தீசிஸுக்கு இதுல ஒரு தலைப்பு நிச்சயம் இருக்கு.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): மை எப்படி? 250 வருஷம் ஆகியும் எழுத்து அழியலையே.

பதில்: ஓக் மரத்துல பூச்சி கடிச்சு வர்ற காய் மாதிரி முண்டு, அதை இடிச்சு ஊற வச்சு, அன்னபேதிங்கற இரும்பு உப்பு, கருவேலம் பிசின் மாதிரி ஒரு பிசின் சேர்த்தா மை. சிலர் தண்ணிக்குப் பதிலா ஒயின் ஊத்துவாங்க. எழுதும்போது வெளிறித் தெரியும், காத்து பட பட கறுக்கும். அழியாதுதான், ஆனா விகிதம் தப்பினா பேப்பரையே அரிச்சு எழுத்து இருந்த இடத்துல ஓட்டை விழுந்துடும்.

கேள்வி (பெங்களூரு வாசகர்): ஸ்காட்லாந்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸோட நோட்டு ஒண்ணு அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பினதா எங்கயோ படிச்சேன், நிஜமா?

பதில்: நிஜம், நல்லா மசாலா உள்ள கதை. பர்ன்ஸோட பக்கத்துப் பண்ணை ஜமீன்தார் ராபர்ட் ரிடெல், நெருங்கின சிநேகிதர். அவருக்காக பர்ன்ஸ் அச்சுல வராத தன் கவிதைகளைத் தொகுத்து, பாதி தன் கையால, பாதி எழுத்தர் வச்சு ஒரு அழகான வால்யூம் தயார் பண்ணி 1791ல குடுத்தாரு. கடிதங்களுக்கு இன்னொரு வால்யூம் ஆரம்பிச்சாரு, அது போய்ச் சேரல. ஏன்னா ரிடெல் குடும்பத்தோட குடி விருந்துல ஏதோ அசிங்கமாயி உறவு முறிஞ்சுபோச்சு, 1794ல ரிடெல் செத்தும் போயிட்டாரு. பர்ன்ஸுக்குக் கவலை, அந்த வால்யூம்ல வெளிய தெரியக் கூடாத சமாச்சாரம் நிறைய. ரிடெல் தங்கச்சிக்கு எழுதினாரு, அத ஒண்ணு திருப்பிக் குடுங்க, இல்லன்னா அழிச்சுடுங்கன்னு. திரும்பி வந்துச்சு.

1796ல பர்ன்ஸ் செத்துப்போனதும் அவர் வாழ்க்கை வரலாறு எழுதறதுக்காக ரெண்டு வால்யூமும் லிவர்பூல் டாக்டர் ஜேம்ஸ் கரி கிட்ட போச்சு, அவர் குடும்பத்துலயே தங்கிடுச்சு, 1853ல லிவர்பூல் அதீனியம் கிளப்புக்குப் போச்சு. 1913ல கிளப்காரங்க சத்தமில்லாம வித்துட்டாங்க, ஸ்காட்லாந்தே கொதிச்சுப் போச்சு. அமெரிக்காவுல ஜான் கிரிபெல்ங்கற ஃபிலடெல்ஃபியா பணக்காரர் கிட்ட வியாபாரி கொண்டுபோய்க் காட்ட, அவரு விலை குடுத்து வாங்கி, இது உங்களுதுன்னு ஸ்காட்லாந்துக்கே குடுத்துட்டாரு. இப்ப எடின்பரோவுல தேசிய நூலகத்துல இருக்கு.

பர்ன்ஸ் கிட்ட இன்னொரு நோட்டும் இருந்துச்சு, முழுக்க முழுக்க பச்சையான நாட்டுப்பாட்டுத் தொகுப்பு. நண்பர் ஒருத்தருக்கு இரவல் குடுக்கும்போது சில நாள்ல திருப்பிடுங்க, உலகத்துலயே வேற பிரதி கிடையாதுன்னு எச்சரிக்கை பண்ணியிருக்காரு. அந்தப் பாட்டுங்க 1799ல ரகசியமா அச்சாச்சு. நோட்டுதான் காணாமப் போச்சு.

கேள்வி (புதுச்சேரி வாசகி): இதுல எதையாவது வீட்டுல இருந்தே பாக்க முடியுமா?

பதில்: முடியும். லீட்ஸ் பல்கலைக்கழகத்துல பிரதர்டன் தொகுப்பு, யேல்ல பைனெக்கி நூலகத்து ஆஸ்போர்ன் தொகுப்பு, ரெண்டுலயும் 17, 18ம் நூற்றாண்டுக் கவிதை நோட்டுங்க ஏராளம், பைனெக்கில பல பக்கங்களை ஸ்கேன் பண்ணியே போட்டிருக்காங்க. குறிப்பிட்ட ஒரு கவிதை எந்தெந்த நோட்டுல இருக்குன்னு தேட வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகம் ஒரு முதல் வரி அகராதி வச்சிருக்கு, நம்ம பழைய பதிப்புகள்ல கடைசியில செய்யுள் முதற்குறிப்புன்னு வருமே அதேதான், ஆனா பல நூலகங்களைச் சேர்த்தது. தேடும்போது முதல் வரிய அப்படியே அடிக்காம ரெண்டு மூணு வார்த்தைய மட்டும் அடிச்சுப் பாருங்க, ஏன்னா காப்பி எடுத்தவங்க ஆளுக்கு ஒரு மாதிரி மாத்தியிருப்பாங்க, ஸ்பெல்லிங் கேக்கவே வேண்டாம்.